கம்பிக்குக் காவலும் கைக்குக் காவலும்

கோயம்புத்தூரில் கணபதி, ஆவாரம்பாளையம், பீளமேடு முதலிய பகுதிகளின் சந்துகளில் நடந்து பழகியவர்களுக்கு, குடியிருக்கும் வீடு என்று எண்ணிக் கடக்கிற வாசலுக்குள்ளிருந்து திடீரென்று லேத்து ஓடும் ஓசை எழுவது புதிய அனுபவமாக இராது. முன்கூடத்திலோ கொல்லைப்புறத் தகரக் கொட்டகையிலோ ஒரு லேத்து, அதன் பக்கத்தில் ஒரு டிரில்லிங் மெஷின், மூலையில் டூல் தீட்டும் கிரைண்டர், சற்று வசதியுள்ள இடமானால் ஒரு வெல்டிங் செட்; இவ்வளவும் ஒரு குடும்பம் சமைத்து உண்டு உறங்கும் அதே கூரையின் கீழ், பல இடங்களில் அதே மீட்டரிலிருந்து மின்சாரம் பெற்று, இரண்டு மூன்று தலைமுறைகளாக இயங்கி வந்திருக்கின்றன. அந்த லேத்துகளின் முன்னால், இயக்குபவர் நிற்கும் இடத்தில், எண்ணெய் ஊறிக் கறுத்துப்போன ஒரு மரப்பலகை கிடக்கும். இரும்புச் சுருள் காலில் குத்தாமலிருக்கவும், நாள் முழுதும் சிமெண்டுத் தரையில் நின்று கால் கடுக்காமலிருக்கவும் அது போடப்பட்டது என்பார்கள்; பேச்சு சற்று நெருக்கமானால், பலகைமேல் நின்றால் கரண்ட் அடிக்காது என்பதையும் சேர்த்துக்கொள்வார்கள். மின்சாரம் வீட்டுப் பட்டறைக்குள் பிரவேசித்தபோது அதனிடமிருந்து மனித உடலைக் காக்க நம்மவர் தாமாகக் கண்டுகொண்ட சாதனம் அந்தப் பலகைதான் என்று நான் கருதுகிறேன். அந்தப் பலகை விழுந்த காலத்துக்கும், உடலைக் காப்பதற்கென்றே செய்யப்பட்ட கருவி அதே வீட்டுச் சுவருக்கு வந்துசேர்ந்த காலத்துக்கும் இடையே கழிந்த நீண்ட அவகாசத்தின் வரலாற்றையே இங்கே சொல்ல முற்படுகிறேன்.

மின்சாரத்துக்கு முந்திய இயந்திரசாலையிலும் அபாயம் இருக்கவே இருந்தது. நீராவியாலோ எண்ணெய் எஞ்சினாலோ சுழலும் நீண்ட ஷாப்ட் ஒன்று கூரையடியில் ஓடும். அதிலிருந்து தோல் பெல்ட்டுகள் ஒவ்வோர் இயந்திரத்துக்கும் இறங்கும். வேட்டி நுனியோ குடுமியோ அதில் சிக்கிவிட்டால் மீள்வது அரிது. ஆயினும் அந்த அபாயத்துக்கு உருவமும் ஓசையும் இருந்தன. சின்னஞ்சிறு பையனுக்குக்கூட விரலால் சுட்டிக்காட்டி, அதன் கிட்டே போகாதே என்று சொல்ல முடிந்தது. மேலும், கொதிகலனையோ பெரிய எஞ்சினையோ குடியிருக்கும் வீட்டில் நிறுத்த இயலாதாகையால், தொழில் ஓரிடத்திலும் குடும்பம் வேறோரிடத்திலும் இருந்தன. இந்தப் பிரிவினையை அழித்தது மின்மோட்டார். ஒரு மனிதன் தோளில் சுமந்துவரக்கூடிய அளவுக்குள் ஒரு குதிரையின் சக்தியையும் அதற்கு மேலும் அடைத்து, சுவரிலுள்ள இரண்டு கம்பிகளோடு இணைத்துவிட்டால் போதும் என்ற நிலைமையை அது உண்டாக்கிற்று.

நீலகிரியில் பைக்காரா நதியின் நீரை 3,000 அடிக்கு மேற்பட்ட உயரத்திலிருந்து குழாய்களின் வழியே இறக்கி மின்சாரம் எடுக்கும் திட்டத்தின் வேலை 1929-இல் தொடங்கி, 1932-இல் உற்பத்தி ஆரம்பமாயிற்று. அந்த மின்சாரம் மலையடிவாரத்தைக் கடந்து கோயம்புத்தூர்ச் சமவெளிக்கு வந்தபிறகு நூற்பாலைகள் பெருகிய கதையை எல்லோரும் சொல்வார்கள். வயற்காட்டில் நிகழ்ந்த மாறுதலோ, நமது விஷயத்துக்கு அதைவிட முக்கியமானது. கொங்கு நாட்டுக் கிணறுகள் ஆழமானவை. அவற்றிலிருந்து காளைகளைப் பூட்டிக் கவலை இறைத்து வந்த விவசாயிகள், மின்சாரம் வந்ததும் பம்பும் மோட்டாரும் கேட்கத் தொடங்கினர். 1926-இலேயே நிறுவப்பட்டிருந்த பி.எஸ்.ஜி. தொழிற்பயிற்சிக்கூடம் கைத்திறன் மிக்க இளைஞர்களை உருவாக்கிக்கொண்டிருந்தது. 1937-இல் ஜி. டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் உள்நாட்டிலேயே மின்மோட்டாரைத் தயாரித்துக் காட்டினர். அதே ஆண்டில் மேட்டூர் மின்சாரமும் வந்து சேர்ந்தது. பம்புக்கு ஷாப்ட் கடைவதும், இம்பெல்லருக்குத் துளையிடுவதும், புஷ் செய்வதும் ஆகிய சில்லறை வேலைகளைப் பெரிய கம்பெனிகள் வெளியே கொடுத்துச் செய்வித்துக்கொண்டன. கம்பெனியில் பத்து வருஷம் வேலை பார்த்த கைகாரர், ஒரு பழைய லேத்தை வாங்கித் தம் வீட்டிலேயே போட்டுக்கொண்டு, நேற்றுவரை முதலாளியாக இருந்தவருக்கே ஜாப் ஒர்க் செய்து கொடுத்தார். அந்நகரத்தின் பெருமைக்கு இந்த வீட்டுப் பட்டறைகளே அஸ்திவாரம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

அந்த வீடுகளுக்குள் மின்சாரத்தோடு கூடவே என்ன காவல் வந்தது என்று பார்க்க, கோயம்புத்தூரைவிட்டுச் சற்றுத் தொலைவு போகவேண்டியிருக்கிறது. மனிதர் உண்டாக்கிய மின்சாரத்தால் இறந்தவர் என்று முதன்முதலாகப் பதிவானவர் பிரான்ஸ் தேசத்து லியோன் நகரில் 1879-இல் மாண்ட ஒரு நாடகமேடைத் தச்சர். அவர் தொட்ட கம்பியின் அழுத்தம் 250 வோல்ட், அதாவது இன்று நம் வீட்டுச் சுவரில் உள்ளதற்கு ஏறக்குறைய சமம். மூன்றாண்டுகள் கழித்து, 1882-இல், லண்டனில் தந்திப் பொறியாளர் சங்கத்தார் மின்விளக்கு அமைப்பதற்கான விதிகளை முதன்முதலாகத் தொகுத்து வெளியிட்டபோது, அவற்றுக்கு அவர்கள் இட்ட தலைப்பு மின்விளக்கினால் தீப்பிடிக்கும் அபாயத்தைத் தடுப்பதைப் பற்றியதாகவே இருந்தது. எடிசன் 1880-இல் தம் விளக்கமைப்புக்குச் சேர்த்த பியூஸும் அத்தகையதே. கம்பி தாங்கக்கூடியதற்கு மேல் மின்னோட்டம் ஏறினால், மற்றக் கம்பிகள் பழுக்கக் காய்ந்து கட்டடத்தைக் கொளுத்துவதற்கு முன்னால், வேண்டுமென்றே மெலிதாக வைக்கப்பட்ட ஒரு துண்டு உருகித் தொடர்பை அறுத்துக்கொள்ளும், அருமையான யோசனைதான், ஆயினும் அது காத்தது கம்பியை, கட்டடத்தை, கட்டடத்துக்கு இன்சூரன்ஸ் கொடுத்தவரை. லியோன் தச்சரைப் போன்ற ஒருவரின் கை அந்த ஏற்பாட்டின் கணக்கிலேயே சேரவில்லை. 1924-இல் ஜெர்மனியில் ஹ்யூகோ ஸ்டோட்ஸின் நிறுவனம் உருவாக்கிய, இன்று எம்.சி.பி. என்று நாம் வழங்கும் தானியங்கி விசை, உருகும் கம்பிக்குப் பதிலாகத் தாழ்ந்து விழும் விசையை வைத்ததேயன்றி, காவலின் நோக்கத்தை மாற்றவில்லை.

நம் பட்டறை வீடுகளின் வயரிங்கோ, விளக்குக்கென்று போடப்பட்டது. தேக்குச் சட்டத்தில் கிளிப் அடித்து, ரப்பர் உறையிட்ட கம்பியைச் சுவரோரம் ஓட்டியிருப்பார்கள். விளக்குக்கு 1/18, பெரிய பிளக்குக்கு 3/20, மெயினிலிருந்து வருவதற்கு 7/20 என்று ஒயர்மேன்கள் இன்றும் சொல்லும் கணக்கு அந்தக் காலத்துடையது. முதல் எண் இழைகளின் தொகை, இரண்டாவது ஒவ்வோர் இழையின் கேஜ். இரண்டு விளக்கும் ஒரு விசிறியும் ஓடுவதற்கென்று கணக்கிட்ட அந்தக் கம்பியில், ஒரு குதிரைச் சக்தியுள்ள சிங்கிள் பேஸ் மோட்டாரை மாட்டினால் என்ன ஆகும்? ஓடிக்கொண்டிருக்கும்போது அது ஆறு ஏழு ஆம்பியர் இழுக்கும். அதுவே பெரிய கேடில்லை. நின்றுகொண்டிருக்கும் மோட்டாரோ, கிளம்பும் அந்த ஒரு நொடியில் தன் சாதாரண அளவைப்போல் ஐந்தாறு மடங்கை இழுக்கும். விளக்கு கண் சிமிட்டும், பியூஸ் போய்விடும். லேத்துக்காரர் மெயின் சுவிட்சை இறக்கி, பீங்கான் பியூஸ் கட்டையை உருவி, புதிய கம்பியைக் கட்டி மீண்டும் மாட்டுவார். அன்று மாலைக்குள் மறுபடியும் போகும். கொடுத்த தேதிக்குள் முடிக்கவேண்டிய வேலையோ பெட்டியில் குவிந்து கிடக்கும். மூன்றாம் முறை அவர் பியூஸ் ஒயரை ஓர் இழைக்குப் பதில் இரண்டிழையாக முறுக்கிக் கட்டுவார். அதற்கும் அடங்காவிட்டால், பழைய ஒயரின் செம்பு இழையையே உரித்துக் கட்டுவார். பிறகு பியூஸ் போகவே போகாது.

இதை அறியாமை என்று ஒரு சொல்லில் தள்ளிவிடுவது நியாயமாகாது. பியூஸ் போனதற்குக் காரணம் அவருடைய தவறு ஒன்றுமில்லை. மோட்டாரின் இயல்புக்கும் அந்த வீட்டு வயரிங்கின் உத்தேசத்துக்கும் இருந்த பொருத்தமின்மையே. மோட்டாருக்கென்று தனியாகக் கனத்த கம்பி இழுத்து, ஸ்டார்ட்டரும் ஓவர்லோடு ரிலேயும் வைத்து, த்ரீ பேஸ் இணைப்புக்கு மனுப்போட்டுக் காத்திருப்பதே சரியான வழி. அதற்கு ஆகும் செலவு, பழைய லேத்தைக் கடன்பட்டு வாங்கியவருக்கு மலைப்பாக இருந்திருக்கும். எனவே செம்புக் கம்பி பியூஸில் நிலைத்தது. அதன்பின் அந்த வீட்டில் மிகவும் மெலிந்த இடம் பியூஸ் என்ற நிலை போய், சுவருக்குள்ளோ கூரைச் சட்டத்தின் மேலோ ரப்பர் உலர்ந்து வெடித்துக்கொண்டிருந்த கம்பியே மெலிந்த இடமாயிற்று. கம்பிக்கென்று ஏற்பட்ட காவலும் அவ்வாறு போயிற்று.

கையின் கதை இதைவிடத் துயரமானது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சார்ல்ஸ் டால்ஸியல் என்ற பேராசிரியர், 1940-களில், தாமாக முன்வந்தவர்களின் கையில் ஒரு கம்பியைப் பிடிக்கக் கொடுத்து மின்னோட்டத்தைச் சிறிது சிறிதாக உயர்த்தி, எந்த அளவுக்குமேல் ஒருவரால் அதை விட முடியாமற்போகிறது என்று பரிசோதித்தார். ஆடவர்க்குச் சராசரி 16 மில்லி ஆம்பியர், பெண்டிருக்குப் பத்தரை. அதற்கு மேல் போனால் விரல்கள் தாமே இறுகி, பிடித்ததை விடாமல் பிடித்துக்கொள்கின்றன. பதினைந்து ஆம்பியர் பியூஸ், அந்தப் பதினாறு மில்லி ஆம்பியரைப்போல் ஏறக்குறைய ஆயிரம் மடங்கு போனாலும் அசையாது நிற்கும் என்பதை நினைத்துப் பார்த்தால், பியூஸை நம்பி ஈரக் கையோடு சுவிட்சைத் தொட்டவர்கள் எதை நம்பினார்கள் என்று மனம் பதறுகிறது. டால்ஸியல் அளந்து சொன்னதை நம் ஊர் எலக்ட்ரீஷியன்கள் அளவின்றியே அறிந்திருந்தார்கள். மோட்டார் உடம்பில் கரண்ட் ஏறியிருக்கிறதா என்று பார்க்கவேண்டுமானால் உள்ளங்கையால் தொடாதே, புறங்கையால் தொடு என்று சீடனுக்குச் சொல்லிக் கொடுப்பது அவர்களுடைய பரம்பரை வழக்கம்; புறங்கையால் தொட்டால் இறுகும் தசைகள் கையைப் பொருளிலிருந்து விலக்கும், உள்ளங்கையால் தொட்டால் அதே தசைகள் பொருளைப் பற்றிக்கொள்ளும். இந்த நுட்பம் எத்தனை பேருடைய அனுபவத்தில் விளைந்ததோ! ஆயினும் கரண்டைக் கையால் சோதிப்பதே பெரும்பிழை. ஐந்து ரூபாய்க்கும் பத்து ரூபாய்க்கும் டெஸ்டர் கிடைத்த பிறகும் அந்த வழக்கம் நீடித்தது வருந்தத்தக்கது.

மோட்டாரின் இரும்பு உடம்பில் ஏறும் கரண்டை மனிதன் தொடுவதற்கு முன்பே மண்ணுக்கு இறக்கிவிடுவதற்கென்று ஏற்பட்டது மூன்றாவது கம்பி, அதாவது எர்த். 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள், நிலையாக நிறுத்தப்பட்ட ஒவ்வொரு மோட்டாரின் சட்டமும் தனித்தனியான இரண்டு இணைப்புகளால் நிலத்தோடு சேர்க்கப்படவேண்டும் என்று விதித்தன. ஒன்று அறுந்தாலும் மற்றொன்று நிற்கும் என்ற தீர்க்கதரிசனத்தோடு செய்த விதி. உருண்டைக் கால்களுள்ள நம் மூன்று முள் பிளக்கிலும், மேலேயுள்ள எர்த் முள் மட்டும் மற்றவற்றைவிட நீண்டும் பருத்தும் இருப்பது இக்காரணத்தாலேயே: அது முதலில் சேர்ந்து கடைசியில் பிரியும். ஆனால் நாளெல்லாம் எவ்வித வேலையும் செய்யாமல் சும்மா கிடப்பதுபோல் தோன்றும் ஒரு கம்பிக்குக் காசு செலவிட யார் மனமுவந்தார்? எர்த் இல்லாவிட்டாலும் லேத்து ஓடியது. இரண்டு முள் பிளக்குகள் வந்தன. பிளக்கே இல்லாமல் ஒயர் நுனியைச் சாக்கெட்டில் சொருகித் தீக்குச்சியை முட்டுக்கொடுக்கும் வழக்கமும் வந்தது. இவற்றிலெல்லாம் கொடியது, எர்த் முனையை நியூட்ரலோடு பிளக்கிலேயே முறுக்கிவிடும் தந்திரம். அப்படிச் செய்தால் டெஸ்ட் லாம்ப் எரியும், எர்த் இருப்பதுபோலவே தெரியும். ஆனால் கம்பத்திலோ மெயினிலோ நியூட்ரல் அறுபட்ட அன்று, லேத்தின் இரும்பு உடம்பு முழுவதும் பேஸ் கம்பியாகவே மாறிவிடும்.

முறையாக எர்த் போட்டவர்களும் இருந்தார்கள். ஆள் உயரத்துக்கு மேல் குழி வெட்டி, நடுவில் இரும்புக் குழாயையோ செம்புத் தகட்டையோ இறக்கி, கரியும் உப்பும் அடுக்கடுக்காகக் கொட்டி மூடி, கோடையில் தண்ணீர் ஊற்றுவதற்கென்று மேலே ஒரு புனலும் வைப்பார்கள். ஆயினும் மேற்குத் தொடர்ச்சியின் மழைமறைவில் அமைந்த கோயம்புத்தூர் மண் கோடையில் நன்றாகக் காய்ந்துபோவது. குழியின் தடை ஐம்பது ஓம் என்று வைத்துக்கொண்டால், 230 வோல்ட் அதன் வழியே அனுப்பக்கூடியது ஐந்து ஆம்பியருக்கும் குறைவு. பத்து ஓம் என்றாலும் 23 ஆம்பியர்தான்; இரண்டிழை முறுக்கிய பியூஸ் அதற்கு அசையாது. குழியும் இருக்கும், கம்பியும் இருக்கும், பியூஸ் மட்டும் போகாமல், மோட்டாரின் உடம்பு தொட்டவரைத் தாக்கக்கூடிய அழுத்தத்திலேயே நின்றுகொண்டிருக்கும். எர்த் போட்டிருந்தும் ஷாக் அடிக்கிறதே என்று திகைத்தவர்களின் திகைப்புக்கு விடை இந்தச் சிறிய கணக்கில்தான் இருந்தது. அதை அவர்களுக்கு விளங்கச் சொன்னவர்கள் மிகச் சிலர். துணி துவைக்கும் கல்லின் பக்கத்தில், நாள்தோறும் நீர் பாயும் இடத்தில் குழி வெட்டச் சொன்ன ஒயர்மேன், கணக்குப் படிக்காவிட்டாலும் அதன் சாரத்தை உணர்ந்தவர்.

வெல்டிங் செட்டின் சங்கதி தனி. அதன் ஹோல்டரில் ஏறக்குறைய 80 வோல்ட்தான் இருக்கும், ஆனால் பற்றவைக்கும்போது நூறு ஆம்பியருக்கு மேல் ஓடும். அந்த மின்னோட்டம் திரும்பிச் செல்வதற்கென்று வேலைப்பாட்டில் கவ்விவைக்கும் கிளாம்ப் துருவேறித் தளர்ந்திருந்தால், ஓட்டம் தனக்கு வேறு வழி தேடும். பக்கத்திலுள்ள டிரில்லிங் மெஷினின் உடம்பில் ஏறி, அதன் எர்த் கம்பி வழியே திரும்ப முயலும். நூறு ஆம்பியரைத் தாங்காத அந்த மெல்லிய கம்பி எங்கோ சுவரோரத்தில் ஓசையின்றி வெந்து அறுந்துபோகும். மறுநாள் டிரில்லிங் மெஷின் முன்போலவே ஓடும். அதைக் காத்திருந்த கம்பி இல்லை என்பது ஒருவருக்கும் தெரியாது.

1955-இல் கோயம்புத்தூரில் பி. சபாபதி என்பவர் மாவரைக்கும் கல்லோடு மின்மோட்டாரைச் சேர்த்து வெட் கிரைண்டரை உண்டாக்கினார். இன்று அந்நகரத்தின் பெயராலேயே புவிசார் குறியீடு பெற்றுள்ள அந்தச் சாதனம், தமிழ்நாட்டுப் பெண்களின் தோளிலிருந்து இறக்கிய பாரம் அளவிடற்கரியது. அதே சமயத்தில் பட்டறையின் மோட்டார் அதனோடு சமையலறைக்குள் வந்துவிட்டது. வெறுங்காலும் ஈரத் தரையும் மாவு படிந்த கையும் உள்ள இடத்துக்கு வந்தது. பட்டறையில் ஆண்களுக்கு ஒரு பலகையாவது இருந்தது. அடுப்பங்கரையில் அதுவும் இல்லை.

மோட்டார் அறைகளின் சுவரில், ஷாக் அடித்தவருக்குச் செய்யவேண்டிய முதலுதவியைப் படங்களோடு தமிழில் விளக்கும் அட்டை ஒன்று மாட்டப்பட்டிருப்பதைப் பலர் கண்டிருக்கலாம். அதுவும் விதியின்படி ஏற்பட்டதே. நின்றுபோன இதயத்தை மார்பின் மேல் அழுத்தியே மீட்கலாம் என்ற முறையை 1960-இல் உலகுக்கு அறிவித்தவர்களில் முதல்வரான வில்லியம் கூவன்ஹோவன் வைத்தியர் அல்லர். மின்கம்பி வேலையாட்கள் ஷாக் அடித்து இறப்பதைத் தடுக்க ஆராய்ந்துவந்த மின்பொறியாளர். இன்று உலகமெங்கும் மாரடைப்பு நோயாளிகளைப் பிழைக்கவைக்கும் கைமுறை, கம்பத்தில் ஏறிய தொழிலாளியைக் கருதிப் பிறந்தது என்பதை நினைக்கும்தோறும் எனக்கு நெஞ்சம் நெகிழ்கிறது.

கைக்கென்றே ஒரு காவல் ஏற்படுவதற்கு வேறொரு சிந்தனை வேண்டியிருந்தது. எவ்வளவு மின்னோட்டம் போகிறது என்பதைப் பாராமல், பேஸில் போனது முழுவதும் நியூட்ரலில் திரும்பி வந்ததா என்று மட்டும் பார்ப்பது அந்தச் சிந்தனை. போனதற்கும் வந்ததற்கும் வித்தியாசம் இருந்தால், அந்த வித்தியாசம் எங்கோ மண்ணுக்குக் கசிகிறது. ஒருவேளை ஒரு மனித உடலின் வழியாக. 1950-களில் தென்னாப்பிரிக்காவிலும் ஆஸ்திரியாவிலும் இந்த முறையில் மிக நுண்ணிய கசிவையும் உணரும் விசைகள் உருவாயின. டால்ஸியலும் அமெரிக்காவில் தம் சோதனைகளின் பயனாக அத்தகைய கருவியொன்றை 1960-களின் தொடக்கத்தில் செய்தார். லேத்து இருபது ஆம்பியர் இழுத்தாலும் அது வாளாவிருக்கும். முப்பது மில்லி ஆம்பியர் வழிதவறினால் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் தொடர்பை அறுத்துவிடும். கோடையில் காய்ந்த எர்த் குழியும் அதற்குப் போதும். ஐம்பது ஓம் குழி விடும் ஐந்து ஆம்பியரில் நூற்றில் ஒரு பங்குகூட அதற்கு வேண்டியதில்லை. நம் நாட்டில் 2010-ஆம் ஆண்டின் மத்திய மின்சார ஆணைய விதிகள், குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட இணைப்புகளுக்கு இக்கருவியை வேண்டி, வீடுகளுக்கு 30 மில்லி ஆம்பியர், மற்றவற்றுக்கு 100 மில்லி ஆம்பியர் என்று வரையறுத்தன. பைக்காரா மின்சாரம் வந்து அப்போது எழுபத்தெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

புதிய காவலுக்கும் பழைய விதியே நேரப் பார்க்கிறது. ஐப்பசி மழையில் பழைய மோட்டாரின் காயில் ஈரம் ஏறி, இன்சுலேஷன் தளர்ந்து, சிறிது கசியத் தொடங்கினால், சுவரிலுள்ள அந்தக் கருவி ஸ்டார்ட்டரை அழுத்தும்போதெல்லாம் விழுந்துவிடுகிறது. பெட்டியில் வேலை குவிந்து கிடக்கிறது. அதைத் தவிர்த்து நேரே கம்பி கொடுத்துவிடலாமே என்று அன்று பியூஸில் செம்பு கட்டிய அதே கை இன்றும் ஸ்குரூ டிரைவரைத் தேடுகிறது. சில வீடுகளில் அப்படியே நடந்துவிடுகிறது. வேறு சில வீடுகளில் லேத்தின் மோட்டாரைக் கழற்றி, மகனுடைய ஸ்கூட்டரின் முன்பக்கத்தில் வைத்து, வைண்டிங் கடைக்குக் கொண்டுபோகிறார்கள். அங்கே இன்சுலேஷனைச் சோதிக்கும் மெகரை வைத்துப் பார்த்து, மூடியைத் திறந்து, வார்னிஷ் ஏற்றி, சொந்தக்காரர் பெயரைச் சாக்குக்கட்டியால் எழுதி, மழை விட்ட வேளைகளில் வாசலில் வரிசையாக வெயிலுக்கு வைக்கிறார்கள்.